அது எழுதி வச்சிருக்கு

கோத்தகிரியில் மார்க்கெட்டுக்கு இறங்கும் வழியில் எனக்கு ஒரு தட்டச்சுக் கடை இருக்கிறது. முன்பு இரண்டு ரெமிங்டன் பொறிகள் இருந்தன. இப்போது ஒரு கணினியும் ஒரு ஜெராக்ஸ் இயந்திரமும் இருக்கின்றன. திங்கட்கிழமைதோறும் ஊட்டியில் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் கூட்டம் நடப்பதால், வெள்ளியும் சனியும் மனு எழுத வருகிறவர்கள் அதிகம். அவர்கள் பேசுவார்கள், நான் அடிப்பேன். "குடுக்கவே மாட்டேங்கறாங்க" என்று அவர்கள் சொல்வது என் விரல் பட்டதும் "இதுநாள்வரை வழங்கப்படவில்லை" என்று ஆகிவிடும். பேச்சுத் தமிழை மனுத் தமிழாக மாற்றுவதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. அஞ்சல்வழியில் தமிழ் எம்.ஏ. படித்தவள், நன்னூலை உரையோடு மனப்பாடம் செய்தவள் என்ற கர்வம் அது. 2014ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் நனைந்தபடி வந்த ஓர் அம்மா சொன்ன மூன்று சொற்களை நான் தப்பாகக் கேட்டேன். அந்தத் தப்பு இன்றுவரை என்னை விட்டபாடில்லை.

அந்த அம்மாவுக்கு அப்போது ஐம்பத்தொன்பது வயது. இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட 1964 ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவர். பதினாறு வயதில் இந்த மலைக்கு வந்தவர். ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்து முந்தைய ஆண்டுதான் ஓய்வு பெற்றிருந்தார். எந்தத் தோட்டம் என்பது இங்கே வேண்டாம். 1991 முடிவில் நிரந்தரமாக்கப்பட்டதால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளுக்கு மட்டும் பணிக்கொடை கணக்கிட்டுக் கொடுத்திருந்தார்கள். 1986 முதல் 1991 முடிய ஆறு ஆண்டுகள் அவர் அதே தோட்டத்தில் தற்காலிகக் கூலியாகப் பறித்திருக்கிறார். அப்போது நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி, முடிந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் பதினைந்து நாள் கூலி உண்டு. ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால் அது தொடர்ந்த பணியாகக் கருதப்படும். ஆக, ஆறு ஆண்டுகளில் எத்தனை நாள் வேலை செய்தார் என்பதற்குச் சான்று வேண்டும். முழு வழக்கும் அந்த ஒரு கேள்வியில்தான் நின்றது.

மனுவில் முதலில் கணவர் பெயர் எழுத வேண்டும். கேட்டேன். அவர் வெட்கப்பட்டுச் சிரித்து, "பழனியில நிக்கிறாரில்லைங்க, அவரு பேருதான்" என்றார். பழனியில் நிற்கிறவருக்கு ஊரில் உள்ள பெயர் எல்லாம் உண்டு. நான் வரிசையாக ஒவ்வொன்றாகச் சொல்ல, நான்காவது பெயரில் தலையை ஆட்டினார். இதில் ஐந்து நிமிடம் போயிற்று. பிறகு அவர் சொல்லச் சொல்ல அடித்துக்கொண்டே போனேன். இடையிடையே "தெரியலைங்க", "என்னமோங்க", "நாம என்னத்தக் கண்டோம்" என்று வந்துகொண்டே இருந்தது. வயதான பெண்கள் பேசும்போது இது மழையோடு வரும் காற்றைப் போல; நான் பழக்கத்தில் அவற்றையெல்லாம் வடிகட்டிவிட்டு அடிப்பேன். தோட்டத்தின் வருகைப் பதிவேட்டைச் செக்ரோல் என்பார்கள். நாள் கணக்கு பற்றிக் கேட்டபோது அவர் சொன்னது இது: "செக்ரோல்ல பேரு விழுந்துச்சோ என்னமோ தெரியலைங்க. அது எழுதி வச்சிருக்கு." நான் அடித்தது இது: "மேற்படி நாட்களுக்கான வருகை தோட்டத்துச் செக்ரோலில் முறையாக எழுதி வைக்கப்பட்டுள்ளது." படித்துக் காட்டினேன். "நல்லா இருக்குங்க" என்று கைநாட்டு வைத்தார்.

ஐந்து மாதம் கழித்துப் பதில் வந்தது. மனுதாரர் சான்றாகக் குறிப்பிடும் செக்ரோலில் அந்த ஆண்டுகளில் அவர் பெயர் தொடர்ச்சியாகக் காணப்படவில்லை, எனவே கோரிக்கை ஏற்கத்தக்கதன்று என்று இரண்டே வரி. அதை எடுத்துக்கொண்டு அவர் மறுபடியும் கடைக்கு வந்தார். படித்துச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை, குழப்பத்தோடு என்னைப் பார்த்தார்.

"செக்ரோல்ல இருக்குன்னு நான் சொல்லலீங்களே."

"நீங்கதானேம்மா சொன்னீங்க, அது எழுதி வச்சிருக்குன்னு?"

"ஆமாங்க. அதுதான் எழுதி வச்சிருக்கு. ஏழாவது படிக்கிறப்ப இருந்து எழுதி வச்சிருக்கு."

செக்ரோல் எப்படி ஏழாவது படிக்கும்? எனக்கு உறைக்க ஒரு கணம் ஆயிற்று. அவர் மடியிலிருந்த துணிப்பையிலிருந்து நெகிழித்தாளில் சுற்றிய நான்கு நோட்டுப் புத்தகங்களை எடுத்து மேசைமேல் வைத்தார். பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் சாதாரண நோட்டு. பக்கத்துக்குப் பக்கம் தேதி, காலை எடை, மாலை எடை, மொத்தக் கிலோ. எழுத்து முதலில் குண்டு குண்டாக இருந்து, ஆண்டு போகப் போகச் சாய்ந்து வேகமெடுத்திருந்தது. வேலையில்லாத நாட்களிலும் ஒரு சொல் இருந்தது: "மழை", "காய்ச்சல்", "பெரியம்மா சாவு". எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவின் கூலியில் மாதக் கடைசியில் கிலோ குறைகிறது என்று சந்தேகப்பட்டு, பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி இரவுதோறும் அம்மாவைக் கேட்டு எழுதி வைத்த கணக்கு அது. "அது" என்று அந்த அம்மா சொன்னது தன் மகளை.

அந்தக் கணக்கை எழுதியவன் மகனாக இருந்திருந்தால் அவர் "அவன் எழுதி வச்சிருக்கான்" என்றிருப்பார். என் காது எவ்வளவு மந்தமாக இருந்தாலும் அதில் ஓர் ஆள் இருப்பதைக் கேட்காமல் விட்டிருக்காது. கணவராக இருந்தால் "அவரு எழுதி வச்சிருக்காரு". எழுதியவர் பெண் என்பதனால், அதிலும் பெற்ற மகள் என்பதனால், வாக்கியத்தில் அவர் அஃறிணையாக நின்றார். மனுவில் நான் அவரைப் பதிவேடாக்கிவிட்டேன்.

நடுப்படி இல்லாத ஏணி

என்னைக் குடைந்த முதல் கேள்வி, எனக்கு இது எப்படிக் கேட்காமல் போயிற்று என்பது. என் வீட்டில் நானே "அது"தான். அப்பா இருந்தவரை, "அது இன்னும் கடையச் சாத்தலையாட்ட இருக்குது" என்றுதான் என்னைப் பற்றி அம்மாவிடம் சொல்வார். இரண்டு வயது இளையவனான தம்பி அவருக்கு "அவன்". அவனுக்கு வேலை கிடைத்து மீசை தடித்த பிறகு, வெளியாட்களிடம் பேசும்போது "பையன் ஊருக்குப் போயிருக்காப்ல" என்று ஏறிவிட்டான். நான் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. அதில் எனக்கு மனத்தாங்கல் இருந்ததாகவும் நினைவில்லை. அப்பா "அவ" என்று சொன்ன ஓரிரு சந்தர்ப்பங்கள்தாம் வலியோடு நினைவிருக்கின்றன. அவர் என்னோடு பேசாமல் இருந்த நாட்கள் அவை.

யோசித்துப் பார்த்தால், பேச்சுத் தமிழில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வைத்திருக்கும் ஏணிகளே வேறு. ஆணுக்கு "அவன் வந்தான்" என்று ஒரு படி; கொஞ்சம் மரியாதை வேண்டும், ஆனால் அந்நியமாக்க வேண்டாம் என்றால் "அவரு வந்தாரு" என்று ஒரு படி; பெரிய மரியாதைக்கு "அவங்க வந்தாங்க" என்று மேற்படி. போதாததற்குக் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து மலையேறி வந்த "வந்தாப்ல" வேறு, முதற்படிக்கும் இரண்டாம் படிக்கும் நடுவே ஒரு முக்காலி மாதிரி. பெண்ணுக்கு "அவ வந்தா" என்ற அடிப்படியும் "அவங்க வந்தாங்க" என்ற மேற்படியும் உண்டு. நடுவில் ஒன்றும் இல்லை. எழுத்தில் "அவர்" இருபாலுக்கும் பொதுவாக நின்று வேலை செய்கிறது. ஆனால் பேச்சில் "டீச்சர் வந்தாரு" என்று ஒருவர் சொன்னால், வந்தவர் ஆண் டீச்சர் என்றே எங்கள் ஊரில் கொள்வார்கள். ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல், இலக்கண நெறிப்பட்டதன்று என்று தொல்காப்பியமே சொல்லியிருக்கிறது. மரியாதை என்பது இலக்கணத்துக்கு வெளியே மக்கள் கட்டிக்கொண்ட ஏணி என்பது அன்றைக்கே தெரிந்திருக்கிறது. அந்த ஏணியைக் கட்டியபோது பெண்களுக்கு நடுப்படி போட மறந்துவிட்டார்கள், அல்லது தேவைப்படாது என்று விட்டுவிட்டார்கள்.

அந்த வெற்றிடத்தில்தான் "அது" வந்து உட்கார்ந்திருக்கிறது என்பது என் எண்ணம். இதை நானாகக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் அந்த அம்மாதான் சொல்லிக் கொடுத்தார். இரண்டாவது மனுவை அடித்துக்கொண்டிருந்தபோது, "மகளை ஏம்மா அதுன்னு சொல்றீங்க?" என்று கேட்டேன். என் குரலில் கொஞ்சம் குற்றச்சாட்டும் இருந்திருக்க வேண்டும். ஐந்து மாதம் வீணானதற்கு அந்தச் சொல்லின்மேல் பழிபோட்டுத் தப்பிக்கப் பார்த்தேன்.

"பின்ன எப்படிங்க சொல்றது? 'அவ'ன்னா சண்டை போட்டுட்டு வந்த மாதிரி இருக்கு. 'அவங்க'ன்னா யாரோ எவரோ மாதிரி இருக்கு. அது எம்புள்ளைங்க."

நன்னூலில் ஒரு நூற்பா உண்டு. உவப்பு, உயர்வு, சிறப்பு, செறல், இழிப்பு ஆகிய ஐந்து காரணங்களால் பாலும் திணையும் தடுமாறினாலும் அது இயல்பே என்று பவணந்தி முனிவர் சொல்கிறார். பசுவை "என் அம்மை வந்தாள்" என்று சொல்வது உவப்பினால் அஃறிணை உயர்திணையானதற்கு எடுத்துக்காட்டு. இதைத் தேர்வில் எழுதிப் பத்துக்குப் பத்து வாங்கியவள் நான். பசு உயர்திணை ஆவதைக் கண்ட எனக்கு, எதிர்த்திசையில் ஒரு மகள் உவப்பினால் அஃறிணை ஆகி என் மேசைக்கு முன்னால் நின்றது தெரியவில்லை. மனு அடிக்க உட்கார்ந்த கணத்திலிருந்து என் காது எழுத்துத் தமிழுக்கு மாறிவிடுகிறது. எழுத்துத் தமிழில் "அது" என்பது மாடு, நாற்காலி, பதிவேடு.

எல்லா "அது"வும் உவப்பு என்று சொல்லிவிடவும் எனக்கு மனமில்லை. பவணந்தியாரின் பட்டியலில் உவப்பு முதலில் இருக்கிறது, இழிப்பு கடைசியில் இருக்கிறது, இரண்டுக்கும் உருவம் ஒன்றே. தோட்டத்தில் மேஸ்திரி ஒருவர் பறிக்கும் பெண்களைப் பற்றித் தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டக்டரிடம், "அதுக எல்லாம் வந்துருச்சுங்க" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கவாத்து வெட்டும் ஆண்களை அதே வாய் "ஆளுக வந்துட்டாங்க" என்றது. கவாத்து வெட்டுகிறவர்கள் ஆட்கள், கொழுந்து பறிக்கிறவர்கள் "அதுகள்". அந்த மேஸ்திரியும் மகளை "அது" என்றுதான் கொஞ்சுவார் என்று நினைக்கிறேன். ஒரே சொல்லில் எது கொஞ்சல், எது தள்ளல் என்று பிரித்தறிவதைக் கேட்பவர் தலையில் கட்டிவிட்டு மொழி போய்க்கொண்டே இருக்கிறது.

ஆண்களுக்கும் இந்த "அது" உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும். "தம்பி எங்க படிக்குது?" என்று வயதானவர்கள் அன்பாகக் கேட்பார்கள். "மாப்பிள்ளை வந்துருக்குது" என்பதும் கேட்ட பேச்சுத்தான். ஆனால் ஆண்கள் அதில் சில காலம் தங்கிவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். அரும்பு மீசையோடு "அது" ஆனவன், குடும்பம் என்று ஆனதும் "அவரு" ஆகி, சாகும்வரை "அவரு"வாகவே இருப்பான். பெண் பாப்பாவாக "அது", மகளாக "அது", மனைவியாகப் பல வீடுகளில் "அது", கடைசியில் "பாட்டி கூப்பிடுது" என்று மறுபடியும் "அது". நடுவே எங்கேயாவது மாமியாராகவோ டீச்சராகவோ இருக்கும் சில ஆண்டுகள்தாம் "அவங்க".

தெரியலைங்க

என் முதல் மனுவில் இரண்டு பிழைகள் இருந்தன. "அது" பற்றியதைச் சொல்லிவிட்டேன். மற்றது, "தெரியலைங்க" என்ற சொல்லை நான் வடிகட்டியது. இதை ஒப்புக்கொள்வது எனக்கு இன்னும் கடினம், ஏனென்றால் அதில் மொழியின் மேல் பழிபோட முடியாது.

அந்த அம்மா அன்று குறைந்தது இருபது முறை "தெரியலைங்க" என்றிருப்பார். தோட்டத்தில் சேர்ந்த தேதியைக் கேட்டேன்: "தெரியலைங்க, தை மாசம் பொங்கல் கழிச்சு மூணாம் நாளுங்க, வெள்ளிக்கிழமை." முதல் நாள் கூலி: "என்னமோங்க", அதைத் தொடர்ந்து காசு உட்படக் கணக்கு. அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது. "தெரியலைங்க" என்பது தெரியாமை பற்றிய செய்தி அன்று. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள், அடுப்படித் திண்ணையில் பேசுவது போல நான் உங்களிடம் பேசிவிடவில்லை என்று எனக்குக் காட்டும் மரியாதை. என்னைவிட இருபத்தோரு வயது மூத்தவர். வயதை மட்டும் வைத்துப் பார்த்தால் அவர் என்னை "ஏம்மா", "நீ" என்று கூப்பிட்டிருக்கலாம். என் கண்ணாடியும் மேசையும் அவர் வாயில் அத்தனை "ங்க"வைப் போட்டன. இது எனக்குத் தெரிந்திருந்ததால்தான் எல்லாவற்றையும் வடிகட்டினேன். செக்ரோல் பற்றி அவர் சொன்ன "தெரியலைங்க" மட்டும் உண்மையிலேயே தெரியாததைச் சொன்னது. இருபதில் ஒன்று உண்மை. அதையும் சேர்த்துத் தூக்கி எறிந்துவிட்டு, அவருக்குத் தெரியாத ஒன்றை அவர் வாயால் உறுதியாகச் சொல்ல வைத்தேன்.

பிற்பாடு இதைப் பற்றித் தேடிப் படித்தபோது, 1975ஆம் ஆண்டில் ராபின் லேக்காஃப் என்ற அமெரிக்க மொழியியலாளர் இதையே பெண்களின் பேச்சு என்று விவரித்திருப்பதைக் கண்டேன். தயக்கச் சொற்கள், கூற்றின் முடிவில் "இல்லையா?" என்று கேட்பது, மிகையான பணிவு என்று அவர் பட்டியலிட்டவை எல்லாம் என் கடைக்குள் தினமும் கேட்கிறவை. ஆனால் எனக்கு அதைவிட உறுத்தியது அதற்குப் பின் வந்த வேறோர் ஆய்வு. வில்லியம் ஓ'பார், போமன் அட்கின்ஸ் என்ற இருவர் வட கரோலினா நீதிமன்ற விசாரணைகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்து, 1980இல் முடிவை வெளியிட்டார்கள். எல்லாப் பெண்களும் அப்படிப் பேசவில்லை. ஆண்களிலும் அப்படிப் பேசுகிறவர்கள் இருந்தார்கள். தொழிலால் மதிப்புள்ள, கூண்டில் ஏறிப் பழகிய பெண்கள் தயங்காமல் பேசினார்கள். சமூகத்தில் கீழே வைக்கப்பட்ட ஆண்கள் தயங்கித் தயங்கிப் பேசினார்கள். அதனால் அவர்கள் அதைப் பெண்மொழி என்று சொல்லாமல் அதிகாரமில்லாதவர்களின் மொழி என்றார்கள். அந்த ஆய்வுக் குழுவினர் ஒரே சாட்சியத்தை இரண்டு விதமாகப் பேசவைத்துக் கேட்கச் செய்தபோது, தயங்கிப் பேசிய சாட்சியைக் கேட்டவர்கள் குறைவாகவே நம்பினார்கள்.

இது எங்கள் மலையில் சரியாகத்தான் பொருந்துகிறது. அந்த அம்மாவின் கணவர் ஒருமுறை கடைக்கு வந்திருக்கிறார். அவரும் என்னிடம் "தெரியலைங்க" என்றார்; தோட்டத்து ஆபீசில் நின்று பேசும்போது இருவரும் ஒரே குரலில்தான் பேசியிருப்பார்கள். ஆனால் என் கடையிலேயே மனைவிக்காக மனு எழுத வருகிற கணவன்மார் பலரைப் பார்க்கிறேன். பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்க, அவளுடைய வயிற்றுவலியைக்கூட இவரே சொல்வார். அவள் திருத்தினால் "சும்மா இரு, நான் சொல்றேன்ல" என்பார். பெண்கள்தாம் ஓயாமல் பேசுகிறவர்கள் என்று இவரே டீக்கடையில் சொல்வார். 2007இல் 396 கல்லூரி மாணவ மாணவியரின் நாள் முழுப் பேச்சையும் ஒலிக்கருவியால் இடைவிட்டுப் பதிந்து கணக்கிட்ட ஓர் ஆய்வில், பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 16,215 சொற்களும் ஆண்கள் 15,669 சொற்களும் பேசியதாக வந்தது. புள்ளியியலில் அதை வேறுபாடு என்றே கொள்ள முடியாது. அவர்கள் மாணவர்கள்; கணவனும் மனைவியுமாக ஒரு தட்டச்சுக் கடையில் உட்கார்ந்தால் கணக்கு எப்படி வரும் என்று எனக்கு ஓர் ஊகம் உண்டு.

ஒரே நாற்காலி

வயது என்ன செய்யும் என்பதற்கு வெளியே போக வேண்டியதில்லை. நான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியே போதும். இருபத்துச் சில்லறை வயதில் இந்தக் கடையில் உட்கார்ந்தபோது நான் "பாப்பா". "பாப்பா, அப்பா இல்லையா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பிப் போனவர்கள் உண்டு, தட்டச்சு அடிப்பது நான்தான் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. முப்பதில் "அக்கா". நாற்பதில் "மேடம்" வந்தது, கூடவே "அம்மா"வும் வந்தது. இப்போது ஐம்பது, கல்லூரிப் பிள்ளைகள் "ஆன்ட்டி" என்கிறார்கள், அதில் மட்டும் எனக்குச் சமாதானம் இல்லை. பக்கத்துக் கடையில் குடை பழுது பார்ப்பவர் என் வயதுக்காரர். அவர் தம்பியிலிருந்து அண்ணாவுக்கும் அண்ணாவிலிருந்து ஐயாவுக்கும் படிப்படியாக ஏறினார். அவருடைய குடைகளைப் பற்றிய அறிவு ஒவ்வொரு விளியோடும் கூடியதாக ஊர் நம்பியது. நான் வேகமாகவும் பிழையில்லாமலும் அடித்தது பாப்பாவாக இருந்தபோதுதான்.

அண்மையில் ஒரு வேடிக்கை. என் குரல் தடித்துவிட்டது. மாதவிடாய் நின்றபின் பெண்களின் குரல்நாண் தடிப்பேறிக் குரல் இறங்குவதும், முதுமையில் ஆண்களின் குரல் மெலிந்து ஏறுவதும் உடற்கூறு. ஆணின் குரல்நாண் நொடிக்குச் சுமார் 120 தடவையும் பெண்ணுடையது சுமார் 200 தடவையும் அதிர்கின்றன என்பது இளமைக் கணக்கு. வயதாக வயதாக இரண்டும் ஒன்றையொன்று நோக்கி நடக்கின்றன. விளைவு, தொலைபேசியில் என்னைப் பலர் "சார்" என்கிறார்கள். கணினி பழுதானபோது கம்பெனிக்கு அழைத்தேன். "சொல்லுங்க சார்" என்றவர், நான் சொன்னதை ஒரே தடவையில் கேட்டு, அன்று மாலையே ஆளை அனுப்பினார். நான் திருத்தவில்லை. திருத்தியிருக்க வேண்டும் என்று யாராவது சொன்னால், அவர்கள் மழைக்காலத்தில் கோத்தகிரியில் கணினியைப் பழுதுபார்க்க ஆள் கூப்பிட்டுப் பார்க்கட்டும்.

இளைய பெண்களிடம் ஏணி கலைந்துகொண்டிருக்கிறது. அந்த அம்மாவின் பேத்தி கல்லூரி விண்ணப்பம் அடிக்க வந்தபோது, தோழியோடு தொலைபேசியில் "சொல்லுடா", "லூசாடா நீ" என்று பேசிக்கொண்டே இருந்தாள். ஆணுக்கென்று இருந்த "டா"வை இந்தப் பெண்கள் யாரையும் கேட்காமல் எடுத்துக்கொண்டு தங்களுக்குள் புழங்குகிறார்கள். தாத்தாவின் பெயரை விண்ணப்பத்தில் கேட்டபோது பளிச்சென்று சொன்னாள். எனக்குத்தான் பழனிமலை ஞாபகம் வந்தது. அம்மாவையும் பாட்டியையும் அவள் "அவங்க" என்றே சொல்கிறாள். அது காதுக்கு நன்றாக இருக்கிறது, கொஞ்சம் தள்ளி நிற்கிற மாதிரியும் இருக்கிறது. அவளுடைய பாட்டி கேட்டால் "யாரோ எவரோ" என்றிருப்பார்.

சொல்லைத் திருத்தினால் எல்லாம் திருந்திவிடும் என்று நம்புகிற நண்பர்கள் எனக்கு உண்டு. அவர்களுக்கு நான் சொல்வது இதே மலையில் இருக்கும் தோடர் மொழியை. 1930களில் இங்கே தங்கித் தோடர், கோத்தர் மொழிகளை ஆராய்ந்த எமனோ முதலான அறிஞர்கள் எழுதியிருப்பது, தோடர் மொழியின் படர்க்கையில் ஆண், பெண், அஃறிணை என்ற பால் வேறுபாடே இல்லை என்பது. அவனும் அவளும் அதுவும் அங்கே ஒரே சொல். தமிழில் நான் ஐந்து மாதம் இழந்த குழப்பம் அங்கே வேறு உருவில் எல்லோருக்கும் சமமாக நேர்ந்திருக்கும். ஆனாலும் அவர்களுடைய புனிதமான பால்மனைக் கோயில்களுக்குள் பெண்கள் போவதில்லை. எருமைப் பால் சார்ந்த சடங்குகள் எல்லாம் ஆண்கள் கையில்தான். பால் காட்டாத சொல்லை வைத்துக்கொண்டே ஒரு சமூகம் வாசலில் பால் பார்க்கிறது. இதை அவர்களைக் குறைசொல்லச் சொல்லவில்லை. என் மேசையில் நடந்த தப்புக்கு "அது" மட்டுமே காரணம் என்று நான் எழுதினால் எனக்கே நம்பிக்கை வராது என்பதற்காகச் சொல்கிறேன்.

இரண்டாவது மனு

நோட்டுகளை ஒவ்வொரு பக்கமாகப் பிரதி எடுத்தேன். ஆண்டுவாரியாக நாட்களை எண்ணினேன். ஐந்து ஆண்டுகளில் 240க்கு மேல் இருந்தன. 1988இல் மட்டும் 233. அந்த ஆண்டில் ஏழு நாள் கூட்டிப் போட்டுக்கொள்ள அந்தச் சிறுமிக்கு எத்தனையோ இரவுகள் இருந்தன, "காய்ச்சல்" என்றே எழுதி வைத்திருந்தாள். பிறகு மனுவின் முக்கியமான வாக்கியத்துக்கு வந்தேன். "என் மகள்" என்று எழுவாயை அடித்துவிட்டு வினைமுற்றில் விரல் நின்றுவிட்டது. "எழுதி வைத்திருக்கிறாள்" என்றால் அந்த அம்மா தவிர்க்கிற "அவ" வந்துவிடுகிறது. "எழுதி வைத்திருக்கிறது" என்றால் பழைய கதை. மனுத் தமிழின் வழக்கப்படி "எழுதி வைத்துள்ளார்" என்று அடித்தேன். பேச்சில் இல்லாத நடுப்படி எழுத்தில் இருப்பது அன்று உதவியாக இருந்தது.

இந்த முறை வாக்கியம் வாக்கியமாக நிறுத்திப் படித்துக் காட்டினேன். "மேற்படி ஆறு ஆண்டுகளிலும் நான் வேலை செய்த நாட்களை என் மகள் அன்றாடம் எழுதி வைத்துள்ளார்." அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"அது யாருங்க, எழுதி வச்சவரு?"

"உங்க மகதாம்மா."

"அதையா சொல்றீங்க?" என்று கேட்டு, நெடுநேரம் சிரித்தார். பிறகு, எதற்கும் இருக்கட்டும் என்பது போல, "அது பொய் எழுதாதுங்க" என்றார். அதை நான் மனுவில் சேர்க்கவில்லை. சேர்த்திருக்கலாம்.

ஐந்து ஆண்டுகளுக்குரிய தொகை கிடைத்தது, 1988 கிடைக்கவில்லை. மூல நோட்டுகளைத் திரும்ப வாங்கிக்கொள்ள அந்த மகளே வந்தார். நாற்பது வயதிருக்கும், குன்னூரில் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுவதாகச் சொன்னார். மனுவின் நகலையும் நோட்டுகளோடு சேர்த்து உறையில் வைத்திருந்தேன். நின்றபடியே எடுத்துப் படித்தவர், ஓரிடத்தில் வந்ததும் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"எழுதி வைத்துள்ளார்னு போட்டுருக்குதே. எங்கம்மா இப்படியா சொல்லுச்சு?"